செவலை தானாகத் தின்றதா?

கதிர்காமத்தில் எங்கள் வீட்டுக் கோழி செவலை வயிறு வீங்கிப் படுத்தபோது, ஒன்பது நாள்கள் கஞ்சி ஊட்டினேன். வேளை தவறாமல் டைரியில் குறித்தேன்.

"மூச்சு இருக்கறப்பவே அறுத்துக் குழம்பு வெச்சிடுக்கா" என்றாள் பக்கத்து வீட்டு மல்லிகா.

"நீ உன் சட்டியப் பாருடி" என்றேன்.

பத்தாம் நாள் டைரியைப் புரட்டினேன். நான் ஊட்டியதெல்லாம் இருந்தது. செவலை தானாகக் கொத்தியதாக ஒரு வரிகூட இல்லை. அதன் வேதனையை நான்தான் நீட்டித்திருக்கிறேன். கால்நடை மருத்துவரிடம் தூக்கிப்போனேன். இனித் தேறாது என்றார். வலியில்லாமல் முடிய ஊசி போடச் சொன்னேன். என் மடியிலேயே அடங்கியது.

"கோழியச் சாவடிக்க ஆட்டோவுல போன மொத ஆளு நீதாங்க்கா!" என்று மல்லிகா சிரித்தாள்.

"ஆமாண்டி, அடுத்ததுக்கும் போவேன்."

மீதமுள்ள நான்கு கோழிகளுக்கும் இப்போது டைரியில் 'தானாகத் தின்றதா?' என்று தனிக் கட்டம் உண்டு. இரண்டு நாள் 'இல்லை' என்றால் ஆட்டோவைக் கூப்பிடுவேன். தெருவே சிரிக்கட்டும்.