மோர் குடித்த மண்

பம்பாய் மாட்டுங்காவில் ஒரு கல்லூரிக்கு உடற்பயிற்சிக் கூடம் கட்ட ஆரம்பித்தது உலகச் சண்டைக் காலத்தில். சுவர் எழும்பிவிட்டது, கூரைக்கு இரும்பு கிடைக்கவில்லை. "கட்டடத்துக்குச் சட்டை போட்டாச்சு, தொப்பிதான் வரலை" என்பார் காவல்காரர். மழை வந்து போய், வந்து போய், சுவரில் பாசி பிடித்த பிறகுதான் கூரை ஏறியது.

என் வீட்டுக்காரருக்கு அங்கே கோதாவைப் பார்த்துக்கொள்கிற வேலை. கோதா என்றால் குஸ்தி போடுகிற மண்குழி. அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து, தோல் கிடங்கில் வேலை செய்துகொண்டே மராட்டிக்காரர்களோடு குஸ்தி பழகியவர். கூடத்தின் ஒரு மூலையில் குழி வெட்டி, சிவப்பு மண்ணைச் சலித்துக் கொட்டி, நல்லெண்ணெயும் மஞ்சளும் மோரும் விட்டு மிதித்து மிதித்து மண்ணைப் பழக்கினார். பழக்குவது என்பது அவர் சொல். விழுகிறவன் முதுகு நோகக்கூடாது, சிராய்த்தால் சீழ் வைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

கல்லூரியில் படிக்கிற பாலக்காட்டுப் பையன்கள் சும்மா இருப்பார்களா?

"மாமா, எங்க மெஸ்ஸுல ஊத்தற மோரைவிட உங்க மண்ணு குடிக்கற மோர் கெட்டியா இருக்கே!"

"நீயும் தெனம் வந்து விழு தம்பி, உனக்கும் ஊத்துதேன்."

நான் வாசலோடு சரி. அனுமார் படம் மாட்டிய கோதா இருக்கிற இடத்தில் பெண்பிள்ளை கால் வைக்கக்கூடாது என்று குஸ்திக்காரர்களுக்கு ஒரு கட்டு. சோற்று வாளியைப் படியில் வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பேன்.

கல்லூரிப் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மண் பிடிக்கவில்லை. சிமெண்டு போட்டு இரும்புக் கம்பிகள் நட்டால் பார்வையாக இருக்கும் என்றார்கள். இவர் கெஞ்சினார். "சரி, பையன்கள் குஸ்திக்கு இறங்கிக்கொண்டிருக்கிற வரைக்கும் கோதா இருக்கட்டும்" என்று விட்டார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மனுஷன் தோல் கிடங்கு வேலையை விட்டார்.

நாடு இரண்டாகப் பிரிந்தது. சிந்துப் பக்கத்திலிருந்து வீடு வாசலை விட்டவர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். முகாம்களில் இடம் போதாமல் சில குடும்பங்களை அந்தக் கூடத்தில் தங்க வைத்தார்கள். அந்த நேரம் பார்த்து இவருக்கு மலேரியா.

"ஏளா, கோதா மேல தார்ப்பாய் போட்டிருக்கேன். வெலகாம இருக்கான்னு கேட்டுட்டு வா. வாசல்லயே நின்னு கேளு, என்ன?"

போனேன். உள்ளே எல்லாம் பெண்களும் பிள்ளைகளும். யாரை நின்று கேட்க? வயதான ஓர் அம்மாள் நானும் தங்க வந்தவள் என்று நினைத்து, கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள். அப்படித்தான் அந்தக் கூடத்துக்குள் முதல்முதலாகக் கால் வைத்தேன். தார்ப்பாய் மறைப்புத் திரையாகத் தொங்கியது. சுவரோரம் வரிசையாக அடுப்புகள். புது அடுப்புகள், கோதா மண்ணின் சிவப்பில். அதற்குமேல் குழியை வேறு எட்டிப் பார்க்க வேண்டுமா?

வீட்டில் வந்து சொன்னேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு காய்ச்சலோடு கிளம்பிவிட்டார். சண்டை வரப்போகிறது என்று பயந்து நானும் பின்னாலேயே ஓடினேன்.

ஒரு சின்ன வயதுக்காரி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பு எண்ணெய் வாசனையோடு புகைந்தது. இவர் அடுப்பையே பார்ப்பதைக் கண்டு அவளுக்குப் பெருமை. இந்தியில் சொன்னாள்: "பம்பாய் முழுக்கக் கல்லும் உப்புத் தரையுமாக் கெடக்கு பாயி. இது ஒண்ணுதான் மண்ணா இருக்கு."

"அதுல எண்ணெய் கலந்திருக்கு மாயி. புகையும், வெடிக்கும்."

"இந்த ஊர்ல எதுதான் புகையலை? இந்தா, ரொட்டி சாப்பிடு."

அவர் வாங்கித் தின்றார். பாதிக்குமேல் காலியாகக் கிடந்த குழியின் ஓரத்தில் உட்கார்ந்து தின்றார்.

காய்ச்சல் விட்டதும் தாராவிக் குயவர்களிடம் களிமண் கேட்டு வாங்கி, தலையில் சுமந்து கொண்டுபோய், "இனிமே இதுல போடுங்க" என்று கொடுத்தார். மிச்ச மண் தப்பித்தது.

கல்யாண் பக்கத்து முகாமுக்கு அவர்களை ஏற்றிப்போக லாரி வந்தது. அவர்கள் அடுப்பை விட்டுப் போகவில்லை. இருந்த சொத்தே அதுதானே. பிள்ளை ஒரு கையில், அடுப்பு ஒரு கையில். இவரே ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றிக் கொடுத்தார். "மெள்ள, மெள்ள, வெளிம்பப் பிடிக்காதீங்க, உடைஞ்சிரும்."

லாரி நகர்ந்ததும் கேட்டேன். "அடுப்பையாவது கேட்டு வாங்கி இடிச்சுக் கொட்டியிருக்கலாம்லா?"

"சுட்ட மண்ணு இனிமே பழகாதுளா" என்றார்.

மிஞ்சியதைச் சலித்தார். கரியும் அடுப்பு வெடித்த ஓட்டுத்துண்டும் வந்துகொண்டே இருந்தன. சல்லடைக்குத் தப்பிய சில்லு ஒன்று, கூடம் மறுபடி திறந்ததும் முதலில் விழுந்த பையனின் முதுகைக் கிழித்துவிட்டது. அதன் பிறகு ஒருவனும் இறங்கவில்லை. கல்லூரிக்காரர்கள் இவரைத் திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். "நீ என்னப்பா செய்வே, பாவம்" என்று தோளில் தட்டிவிட்டுச் சிமெண்டு மூட்டைகளை இறக்கினார்கள். குழியை நிரப்பி மெழுகும்போது இவர் வெளியே நின்று மணலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆளை வேலையைவிட்டு அனுப்பவில்லை, வெள்ளை உடுப்புக் கொடுத்து வெளிவாசலில் காவலுக்கு நிறுத்தினார்கள்.

அதுவரை அவர் வேட்டியை நான் அலசினால் தண்ணீர் சிவப்பாகத்தான் ஓடும். குழாயடியில் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "உன் புருசன் வேட்டியை அலசி முடிக்கதுக்குள்ள எங்க குழாயே நின்னுரும்" என்று ஏசுவார்கள். வெள்ளை உடுப்பை முதல்முறை கொண்டுபோன அன்று, பக்கத்து வீட்டுக்காரி என் வாளியைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, உனக்கு வேலை குறைஞ்சுபோச்சு" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அழுக்கே இல்லாத அந்தத் துணியை மறுபடியும் தண்ணீரில் போட்டுக் கசக்கினேன்.