செருப்பைப் பார்த்துச் சொன்ன சேதி

லூர்தம்மாளுக்கு ஐம்பத்து மூன்று வயது. சுங்குவார்சத்திரத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல், வாசல் சாவி, தண்ணீர் மோட்டார், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை, எல்லாம் அவர் பொறுப்பு. போர்டில் வார்டன் என்று போட்டிருக்கிறது. யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அங்கே தங்கியிருக்கிற பெண்கள் எல்லாம் தெற்கே இருந்து வேலைக்கு வந்தவர்கள். அவர்களுக்கு அவர் லூர்து அக்கா. ஊரில் இருக்கிற அவர்களுடைய அம்மாக்களுக்கும் அக்காதான். அந்தப் பெண்களை ஒரகடம் கம்பெனிக்கு ஏற்றிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற பஸ்ஸை ஏழு வருஷமாக ஓட்டுகிறேன். எனக்கும் அக்காதான்.

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்து பிள்ளைகள் வந்ததும் ஒவ்வொரு அம்மாவுக்கும் வாட்ஸப்பில் பேசிப் பதிந்து அனுப்பிவிடுவார். "உம் பொண்ணு வந்துட்டாம்மா. நீ போயி உன் வேலையப் பாரு." அவ்வளவுதான். இது அன்பில் ஆரம்பித்தது இல்லை. ஒரு நாள் காலையில் ஒரே அம்மா முப்பது தடவை போன் பண்ணி, சாம்பார் அடிப்பிடித்து, ஹாஸ்டல் முழுக்க அக்காவைத் திட்டியது. கேட்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் தொல்லை விட்டது என்று மறுநாளே ஆரம்பித்தார். பிறகு அந்த அம்மாக்கள் அந்தக் குரல் வந்தால்தான் காட்டு வேலைக்குக் கிளம்புவது என்று ஆகிவிட்டது. பதிலுக்கு அவர்களும் சொல்வார்கள். மாடு கன்று போட்டது, கிணறு வற்றியது, தம்பி பரீட்சையில் தேறியது, எல்லாம் முதலில் அக்கா போனுக்கு வரும். ஊரிலிருந்து வருகிற பஸ்ஸில் முறுக்கு டப்பா போட்டுவிடுவார்கள். அதை யார் வீட்டு முறுக்கு என்று பார்க்காமல் எல்லோரும் தின்பார்கள். ஷாம்பூ, துப்பட்டா, சார்ஜர், செருப்பு எதுவும் அங்கே ஒருத்திக்குச் சொந்தம் இல்லை. கேட்டு எடுப்பதும் இல்லை.

நைட் ஷிப்ட் விட்டு வருகிற பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் படியேறி, விழுந்த இடத்தில் தூங்கிவிடுவார்கள். மாடிக்கு ஏறி ஒவ்வொரு முகமாகப் பார்க்க அக்காவுக்கு முட்டி ஒத்துழைக்காது. அதனால் வாசலில் இருக்கிற செருப்பு ஸ்டாண்டைப் பார்ப்பார். எந்தச் செருப்பு யாருடையது என்று அவருக்கு மனப்பாடம். ஊதா வார் வைத்து, இடது காலில் பூ உதிர்ந்தது முத்துச்செல்வி. குதிகால் தேய்ந்தது மணிமேகலை. அந்த வரிசையைப் பார்த்தபடியே போனில் பேசி அனுப்புவார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போன சித்திரையில் தப்பியது.

அன்று காலை ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. பஸ்ஸில் பதினேழு பேர் ஏறியிருந்தார்கள். பதினெட்டு வரவேண்டும். "யாரு வர்ல?" என்று கேட்டேன்.

"முத்துச்செல்விண்ணா. அவ லைனுக்கு மாத்து ஆள் வரல. சூப்பர்வைசர் நிறுத்திட்டாரு, ஓ.டி. பாக்கா. நீங்க எடுங்க" என்றாள் மதிவதனி. முத்துச்செல்வியின் ரூம்காரி. அவள் சொன்னால் சரி. ஓவர்டைம் ஒன்று என்று டிரிப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஆறு இருபதுக்கு எடுத்துவிட்டேன். ஏழு மணிக்கு ஹாஸ்டலில் இறக்கினேன். பஸ்ஸை யார்டில் விட்டுவிட்டு வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அக்கா போன் பண்ணினார்.

"இன்னா சக்தி, முத்துச்செல்வி உன் பஸ்ல தான வந்தா?"

"இல்லக்கா. ஓ.டி.ன்னு மதிவதனி சொல்லிச்சு. உங்கிட்ட சொல்லலியா?"

அக்கா வாசலுக்கு நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப அவ செருப்பு எப்புடி வூட்டுக்கு வந்துச்சு?" என்றார்.

வாய் நுரையோடு அப்படியே நின்றேன். காரணம் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் வாயைக் கொப்பளித்துவிட்டு பைக்கை எடுத்தேன்.

நடந்தது இது. ஏழு பத்துக்கு அக்கா ஊதா வாரைப் பார்த்து, சங்கரன்கோவில் பக்கத்தில் இருக்கிற முத்துச்செல்வியின் அம்மா நாச்சியாருக்கு, "உம் பொண்ணு வந்துட்டாம்மா" என்று அனுப்பிவிட்டார். முத்துச்செல்வியின் போன் உடைந்து மூன்று நாளாக ரிப்பேர் கடையில் கிடந்தது. அம்மாவும் மகளும் அக்கா போனில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏழு நாற்பதுக்கு நாச்சியார் கூப்பிட்டிருக்கிறார்.

"யக்கா, எம்மவள எழுப்புங்க. பெரியவளுக்கு விடியக்காலம் பொம்பளப்புள்ள பொறந்திருக்கு. நான்தான் அவட்ட சொல்லணும். நீங்க சொல்லிராதிய."

அக்கா சந்தோஷமாக முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். முத்துச்செல்வியின் பாய் சுருட்டியபடி இருந்தது. பாத்ரூமில் இல்லை. மொட்டை மாடியில் இல்லை. வாயில் வந்ததை நாச்சியாரிடம் சொல்லிவிட்டார்: "குளிக்கிறாம்மா."

நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது அக்கா மதிவதனியை உட்காரவைத்து உலுக்கிக்கொண்டிருந்தார். அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "எஞ்செருப்பு அறுந்துட்டுக்கா. குப்பையில போட்டுட்டு அவளத மாட்டிட்டு வந்தேன். அவ ஓ.டி. முடிஞ்சு பத்தரை வண்டிலதான வருவா. அதுக்குள்ள யாராவது குடுத்துவிட்டா போச்சு."

அக்காவுக்கு மூச்சு வந்தது. எனக்கும் வந்தது. "பாத்தியா, ஓ.டி.தான்" என்றேன். ஆனாலும் அக்கா விடாமல் சூப்பர்வைசர் நம்பருக்குப் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டது.

"அவங்க மாத்து ஆள் லேட்டா வந்துட்டாங்க மேடம். முத்துச்செல்வி ஆறு இருபத்தஞ்சுக்கே பஞ்ச் அவுட் பண்ணிருக்காங்க. ஓ.டி. இல்ல."

"அப்ப எங்கப்பா அவ?"

"கேட் தாண்டினப்புறம் எங்களுக்குத் தெரியாது மேடம்."

மதிவதனி இப்போது கண்ணைத் திறந்தாள்.

மணி எட்டேகால். கம்பெனிக்குள் வெளிச்செருப்பு போடக்கூடாது. கேட்டில் ரேக்கில் விட்டுவிட்டு அவர்கள் கொடுக்கிற வெள்ளைச் செருப்பைத்தான் மாட்டவேண்டும். அதை வெளியே கொண்டுவர முடியாது. ஆக, இருபத்தோரு வயசுப் பெண் வெறுங்காலோடு, போன் இல்லாமல் வெளியே வந்திருக்கிறது. பஸ் இல்லை. நான்தான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ரோட்டை எனக்குத் தெரியும். கண்டெய்னர் லாரிகள், கம்பெனிச் சுவர்கள், நடுநடுவே கருவேல முள். நடந்து போகிற ஆளை அங்கே பார்க்கவே முடியாது. அந்த நேரத்தில் லாரிக்காரன் தூங்கிக்கொண்டே ஓட்டுவான். நானே ஓட்டியிருக்கிறேன்.

பைக்கை எடுத்துக்கொண்டு ஒரகடம் கேட் வரைக்கும் போனேன். ரோட்டின் இரண்டு ஓரமும் பார்த்துக்கொண்டே போனேன். பார்க்கும்போதே, கண்ணில் எதுவும் பட்டுவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். ஒரு இடத்தில் துப்பட்டா மாதிரி ஏதோ கிடந்தது. இறங்கிக் காலால் தள்ளிப் பார்த்தேன். சாக்குப்பை.  கேட் செக்யூரிட்டி, "ஒரு பொண்ணு ரேக்குல செருப்பு தேடினு இருந்துச்சுண்ணா, அப்புறம் பாக்கல" என்றான். திரும்பி வந்தேன்.

அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது.

"மூணாவது தடவ" என்றார். "போன தடவ இன்னா சொல்லிச்சு தெரியுமா? 'இன்னுமா குளிக்கா, கொஞ்சம் தண்ணிய மிச்சம் வைக்கச் சொல்லுங்க'ன்னு சிரிக்குது."

"எடுக்காத" என்றேன். "எடுத்தாலும் சொல்லாதக்கா. அறுநூறு கிலோமீட்டர் தள்ளி கீது. அது இன்னா பண்ணும், அழும். நாம போலீசுக்குப் போவலாம். கெடச்சப்புறம் சொல்லிக்கலாம்."

"கெடைக்கலன்னா?"

நான் போனை வாங்கக் கையை நீட்டினேன்.

"அதோட பொண்ணுப்பா" என்று சொல்லிவிட்டு அக்கா போனை எடுத்தார். ஸ்பீக்கரை அமுக்கிவிட்டு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாச்சியாரு, உங்கூட யாராவது கீறாங்களா பக்கத்துல? உக்காந்துக்கோ. நா உங்கிட்ட பொய் சொல்லிட்டேன். உம் பொண்ண நா பாக்கல. செருப்பத்தான் பாத்தேன். செருப்ப வேற பொண்ணு போட்டுனு வந்துடுச்சு. அவ கம்பெனிய வுட்டு வெளிய வந்து மூணு அவரு ஆவுது. எங்க கீறான்னு தெரியல."

அந்தப் பக்கம் பின்னால் எங்கேயோ பச்சைக் குழந்தை அழுதது. ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் போல. அக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டான்னு சொன்னியளே" என்றார் நாச்சியார். அவ்வளவு மெதுவாக.

"சொன்னேன்."

"நான் உங்க பேச்ச நம்பி இங்க முட்டாயி வாங்கிக் குடுத்துட்டு இருக்கேன்."

 திட்டியிருந்தால் தேவலை. நாச்சியார் திட்டவில்லை. "காலுல செருப்பு இல்லியா? கையில காசு இருக்குமா?" என்று கேட்டார்.

"கம்பெனி பஸ்ல போறவ, காசு எடுத்துனு போவ மாட்டா."

"அப்பம் ஆட்டோல ஏறமாட்டா. ஆம்பளையாளு கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கமாட்டா. பயந்தாள்னா அவளுக்கு ஒரே புத்திதான். பொம்பளையாளுவ இருக்க வண்டியாப் பாத்து ஏறி உக்காந்துருவா, அது எங்க போனாலும் சரின்னு. சின்னப்புள்ளயில கோயில் கொடைக்குப் போன இடத்துல என்னய வுட்டுட்டு, களையெடுக்கப் போற பொம்பளையளோட டிராக்டர்ல ஏறிட்டா. அஞ்சு மைல் தள்ளிப் போயி தூக்கிட்டு வந்தோம்."

பொம்பளையாளுகள் இருக்கிற வண்டி. என் பஸ்ஸுக்கும் பத்தரை வண்டிக்கும் நடுவில் அந்தக் கேட்டை விட்டு ஒரே ஒரு பஸ்தான் கிளம்பும், ஆறு நாற்பதுக்கு. வாலாஜாபாத் ரூட். உள்ளூர்ப் பெண்கள் போகிற பஸ். ஓட்டுகிறவர் அப்பாவு, என் சீனியர். அவருக்குப் போட்டேன். தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து திட்டிவிட்டு, "ஆமாம்பா, செருப்பில்லாம ஒரு பொண்ணு ஏறிச்சு. வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டாண்ட எறக்கிவுட்டேன். சத்திரம் பஸ்சு லேடீசுக்கு ஃப்ரீதான, ஏறிப் போன்னு சொன்னேன். இன்னும் வர்லியா?" என்றார்.

ஏழு பத்துக்கு இறக்கியிருக்கிறார். சத்திரத்துக்கு முக்கால் மணி நேரம். இப்போது ஒன்பதரை ஆகப்போகிறது. பாதிப் பயம்தான் போயிற்று. மீதிப் பாதி அதிகமாயிற்று.

"லைன்ல இரு நாச்சியாரு, வைக்காத" என்று அக்கா சொல்வது காதில் விழுந்தது. நான் வாலாஜாபாத் போய்ச் சேரும்வரை அவர்கள் வைக்கவில்லையாம். பேசவும் இல்லையாம். அந்தக் குழந்தை அழுவதும் நிறுத்துவதும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததாம்.

பஸ் ஸ்டாண்டில் முதல் பெஞ்சில் இல்லை. டிக்கெட் கவுண்டர் பக்கம் இல்லை. கடைசிப் பெஞ்சில், கடலை விற்கிற ஒரு அம்மாவின் கூடைக்குப் பின்னால், காலை மடக்கித் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு ஒரு பெண் படுத்திருந்தது. முகம் தெரியவில்லை. அசைவும் இல்லை. கழுத்தில் எங்கள் கம்பெனி கார்டுக் கயிறு. நான் கையை நீட்டினேன்.

"ஏய், கைய எடு" என்றார் கடலைக்கார அம்மா. "யார்ரா நீ?"

"பஸ் டிரைவரும்மா. இந்தப் பொண்ண..."

"எந்த பஸ்சு? மூஞ்சியப் பாத்தா பஸ் ஓட்டுறவன் மாரியா கீது. பொண்ணு தூங்குது. நாலு பஸ்சு போயிடுச்சு, நாந்தான் எழுப்பல. பாவம், ராத்திரி வேல. நீ கெளம்பு, போலீசு அங்கதான் நிக்குது."

தூங்குகிறது என்ற சொல்லைக் கேட்டதும் நான் அந்தச் சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் கோலத்தைப் பார்த்து அந்த அம்மாவுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. அக்காவுக்குப் போன் போட்டு அவர் கையிலேயே கொடுத்தேன். அக்கா என்ன சொன்னாரோ, "அப்புடியா, சரி சரி" என்று கேட்டுவிட்டு, அவரே முத்துச்செல்வியின் தோளைத் தட்டி எழுப்பினார். "இந்தாம்மா, உங்கம்மாவாம்."

அக்கா இரண்டு லைனையும் சேர்த்துவிட்டிருந்தார். நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

முத்துச்செல்வி பாதிக் கண்ணைத் திறந்து, "யம்மா" என்றாள்.  நாச்சியார், "ஏட்டி, உங்கக்காளுக்குப் பொம்பளப்புள்ள பொறந்திருக்கு" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த சேதி அதுதான்.

முத்துச்செல்வி எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். காலைத் தரையில் வைத்ததும் சுட்டது போல, மேலே இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எஞ்செருப்ப எவ எடுத்தா சக்தியண்ணா?"

பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒரு ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்து, அக்கா சொன்னபடி பைக்கில் இல்லாமல் பஸ்ஸில் ஏற்றி, பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தேன். ஹாஸ்டல் வாசலில் அக்கா இல்லை. மாடியில் ஒரே கூச்சல். அக்கா ஒவ்வொரு பாயாகப் போய், போர்வையை இழுத்து, போனை வாய்க்கிட்ட நீட்டிக்கொண்டிருந்தார்.

"உங்கம்மாவுக்கு வந்துட்டேன்னு நீயே சொல்லு."

"காலையிலயே அனுப்பிட்டியள்ளக்கா. தூங்க விடுங்க" என்று ஒருத்தி போர்வைக்குள்ளிருந்து கத்தினாள்.

"நா அனுப்புனது செருப்பப் பாத்து. அது செல்லாது. சொல்லு."

பதினேழு பேரையும் எழுப்பினார். மதிவதனியை இரண்டு தடவை சொல்லவைத்தார். கடைசியாக முத்துச்செல்வி படியேறி வந்ததும், அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு அவளிடமும் போனை நீட்டினார்.