எட்டாம் வகுப்பில் நான் அடித்த மணி

ஆசிரியர் கலாசாலைக்கு விண்ணப்பம் நிரப்பும்போது ஒரே ஒரு வரியில்தான் மாட்டிக்கொண்டேன். ‘பாடசாலைக் காலத்தில் பெற்ற சிறப்புகள்.’

சிறப்பா...? ஏ.எல். உயர்தரம் வரை படித்தேன். எங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் போன முதல் ஆள் நான்தான். ஆனால் அதற்கு வேறு கட்டம் இருந்தது. பேச்சுப் போட்டி? பேசியதில்லை. விளையாட்டு? போட்டி நடக்கும் நாட்களில் எங்கள் வயலில் நெல் அறுவடை, அருவி வெட்டு.

மிஞ்சியது எட்டாம் வகுப்பு. அந்த வருடம் ஸ்கந்தபுரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்து மணியை அடித்தவன் நான். மணி என்றால், பாலை மரத்தில் தொங்கிய பழைய லொறிச் சக்கரத்து இரும்பு றிம். இதையெல்லாம் எழுதலாமா?

பக்கத்து வளவு நேசனைக் கேட்டேன். என்னோடு படித்தவன். போன வருடம் இதே கலாசாலைக்கு எடுபட்டவன்.

“மணி அடிச்சதையோ? அப்ப நீ பியோன் வேலைக்கெல்லோ மச்சான் போடோணும்!”

எழுதாமல் விடப் போனேன். அப்பா விடவில்லை. பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவர் அவர்.

“எழுது தம்பி. நீ பாஸ் பண்ணினதெல்லாம் நீ வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். மணி எண்டால், வயலுக்க நிண்டு என்ர காதால கேட்டனான்.”

எழுதினேன்.

போன கிழமை நேர்முகப் பரீட்சை. விஞ்ஞானம் கேட்பார்கள் என்று விழுந்து விழுந்து படித்திருந்தேன். நடுவில் இருந்த கண்ணாடிக்காரர் கேட்டது மணியை.

“மணிக்கூடு வைச்சிருந்தனீரோ?”

“இல்லை, சேர்.”

“அப்ப எப்பிடி நேரத்துக்கு அடிச்சனீர்?”

“காலமை கிளிநொச்சி பஸ் வரேக்க அடிக்கிறனான், சேர்.”

“பஸ் பிந்தினால்?”

“பள்ளிக்கூடமும் பிந்தும், சேர்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஏதோ குறித்துக்கொண்டார்கள்.

“பஸ்ஸே வராட்டில்?”

உண்மையைச் சொல்வதா, இடத்தைக் காப்பாற்றுவதா? வாத்தியாராகப் போகிறவன் பொய்யோடு தொடங்கக்கூடாது என்று நினைத்தேன்.

“பஸ்ஸில வாற வாத்திமாரும் வரமாட்டினம், சேர். மணி தேவைப்படேல்ல.”

“சரி... நீர் போகலாம்.”

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்:

“மணியைப் பற்றிக் கேட்டவையோ?”

“ஓம் அப்பா. அதை மட்டும்தான் கேட்டவை.”

“நான் சொன்னனான்தானே!”

அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். முடிவு இன்னும் வரவில்லை. அது அவருக்கு அவ்வளவு முக்கியமாகவும் தெரியவில்லை.

ஆகவே, விண்ணப்பம் நிரப்பும் தம்பி, தங்கைகளே — சின்ன வகுப்புப் பெருமையை எழுதலாமா? தாராளமாக எழுதுங்கள், வீட்டில் ஒருவராவது சந்தோஷப்படுவார்.

பஸ் கதையை மட்டும் எடுக்காதீர்கள்.