வடமேற்கே திரும்பிய ஏரியல்

தாவரவியல் வகுப்பில், காற்றில் தொங்கும் வேருக்கு ஏரியல் ரூட் என்று மேடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலைகள் இருந்தன. நெல்லில் புகையான் பூச்சி விழுந்த வருஷம் விமானத்தில் வந்து மருந்து அடித்தார்களே, அது ஏரியல் ஸ்பிரே. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று தண்டோரா போட்டும், ஊரே வரப்பில் நின்று வாயைப் பிளந்து பார்த்தது. ரேடியோவுக்காகக் கூடத்தின் குறுக்கே கட்டிய செப்பு வலையும் ஏரியல். டிவி வந்த பிறகு, மாடியில் நிற்கும் கம்பம் மட்டும்தான் ஏரியல் என்று ஆகிவிட்டது.

எங்கள் டிவி, குவைத்தில் வெல்டராக இருந்த அண்ணன் முதல் லீவில் கொண்டுவந்தது. ஏரியலைக் கொடைக்கானல் டவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் மறுபடி விமானம் ஏறினான். அப்பா மேலே பைப்பைத் திருகுவார். நான் ஜன்னலில் நின்று, "இன்னும் கொஞ்சம்... அய்யோ, போச்சுப்பா!" என்று கத்துவேன். என்ன சந்தோஷமான நாட்கள் அவை!

அப்புறம் குவைத்துக்குள் பக்கத்து நாட்டு ராணுவம் புகுந்தது. அண்ணனிடமிருந்து கடிதம் இல்லை, போன் இல்லை. உயிரோடு இருக்கிறானா என்றே தெரியவில்லை. மாலை ஜெபத்தைக்கூட அம்மா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, டிவியைப் பார்த்தபடியே செய்தாள். குவைத்திலிருந்து தப்பி வந்தவர்கள் என்று செய்தியில் காட்டிய கூட்டத்தில் அவன் முகம் இல்லை.

ஒருநாள் அம்மா கேட்டாள். "என்னங்க, குவைத்து எந்தப் பக்கம்?"

"வடமேக்கே."

"அப்ப ஏரியல அங்க திருப்புங்க. புள்ள ஒரு பக்கம், கம்பம் ஒரு பக்கம்னா எப்படித் தெரிவான்?"

எனக்குக் கோபம் வந்தது. "அம்மா, அது டவரைத்தான் பாக்கணும். நாட்டை இல்ல!"

"நீ படிச்ச படிப்பு உன்னோட இருக்கட்டும்டி."

அப்பாவுக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் ஏணியில் ஏறித் திருப்பினார். திரையில் புள்ளிப் புள்ளியாகக் கொட்டியது. செய்தி நேரத்துக்கு மட்டும் பழையபடி திருப்புவார். முடிந்ததும் மறுபடி வடமேற்கு. தெருவில் சிலர் கேலி செய்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கணவரும் குவைத்தில்தான். அவள் வீட்டில் டிவி கிடையாது. தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்று எங்கள் கம்பத்தை அண்ணாந்து பார்ப்பாள். "சரியாத்தான் நிக்குதா அத்தை?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போவாள். அதைக் கேட்டபிறகு நானும் வாயை மூடிக்கொண்டேன்.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்தபோது அண்ணன் வந்தான். கும்பகோணம் டவுன் பஸ்ஸிலிருந்து வெறுங்கையோடு இறங்கி, கன்னம் ஒட்டி, தாடியோடு வாசலில் நின்றான். அம்மா அவன் கையை விடவே இல்லை. அப்பா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அதுவரை அவர் அழுது பார்த்ததில்லை.

அண்ணன் சாப்பிட்டு முடித்தபோது பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றாள்.

"அவங்களப் பாத்தியா தம்பி?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "இல்லக்கா. அவரு வேற கம்பெனி கேம்ப். அந்தப் பக்கமே எங்கள விடல."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அப்பா எழுந்தார். பிள்ளை படம் பார்க்கட்டும், ஏரியலைத் திருப்பி வைக்கிறேன் என்று ஏணியை எடுத்துச் சுவரில் சாய்த்தார்.

அம்மா வெளியே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டுங்க. அவ புருஷன் இன்னும் வரலையே."