குளத்துக்கும் கட்டணம்

மே 18, காலை 10.40, அனல் காற்று. தீம் பார்க் அருகே ஓட்டல் அறையைக் காலி செய்தோம். பேசிய வாடகை 3,200 ரூபாய்; பில்லில் 4,650. "நீச்சல் குளத்துக்கு வசதிக் கட்டணம் சார்" என்றார் மேனேஜர். அதைக் கட்டினால் நால்வரும் ராயபுரம் திரும்பப் பஸ்ஸுக்குப் பணமிருக்காது.

"குட்த்துட்டு வா நைனா, பேஜார் பண்ணாத" என்றாள் மகள்.

துறைமுகத்தில் 31 ஆண்டுகள் சரக்கு எண்ணிய குமாஸ்தா நான்; மூட்டையைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. "குளத்தைக் காட்டுங்க, அப்புறம் கட்டறேன்" என்றேன்.

தண்ணீரே இல்லாத குளத்தில் பெட்ஷீட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

மகள் சிரித்துவிட்டாள். "இன்னாங்க, நீந்திக்கினு கீறது பெட்ஷீட்டு. அதாண்ட துட்டு வாங்குங்க!"

மேனேஜர் வேறு பில் போட்டார்.

இப்போதெல்லாம் முன்பணம் கட்டுமுன், எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொள்கிறேன். அன்று நான் கட்டியது 3,200 ரூபாய்தான்.