தேனீக்களின் சோற்றில் பூஞ்சை

பிள்ளைகளே, மண்டி மொஹல்லாவில் எங்கள் வீட்டு மாடியில் போன வாரம் பெரிய கலவரம். காரணம் — விரல் நுனி அளவு பூஞ்சை!

மாடியில் ஒரு தேனீப் பெட்டி வைத்திருக்கிறோம். ஆறாவது படிக்கும் என் மகள் ஜெனியின் பொறுப்பு அது. நாலைந்து நாளாய் விடாத மழை. கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்ததும் நானும் அவளும் பெட்டியைத் திறந்தோம். ஓரத்து மரச்சட்டத்தில் கட்டியிருந்த அடையில் தேன் இல்லை. தேனீக்கள் சேர்த்து வைத்த மகரந்தம்தான்... மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு. அதன்மேல் அங்கங்கே வெள்ளையாய், பஞ்சு மாதிரி ஏதோ.

"ஸ்டெல்லா, இங்க வந்து பாரேன்!" என்று என் மனைவியைக் கூப்பிட்டேன்.

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பூஞ்சையைக் கண்டால் விடுவாளா?

"ஃபங்கஸ்! முதல்ல அதை ஐசோலேட் பண்ணுங்க. மத்ததுக்கும் பரவிடும்."

எங்கள் வீட்டில் சளி பிடித்தவருக்கே தனி டம்ளர், தனி அறை. தேனீக்களை உதறிவிட்டுச் சட்டத்தை எடுத்தேன். அதற்கும் ஒரு தனி வார்டு கிடைத்தது — மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. அதோடு விட்டாளா? கால்விரல் இடுக்கில் போடும் பூஞ்சைப் பவுடரோடு வந்து நின்றாள். நோயாளி என்றால் மருந்து வேண்டாமா!

"அம்மா, பேடா! போடாதே!" ஜெனி குறுக்கே விழுந்து தடுத்தாள். பதற்றம் வந்தால் அவளுக்குப் பள்ளியில் பேசும் கன்னடம்தான் முந்திக்கொண்டு வரும்; 'பேடா' என்றால் 'வேண்டாம்'. "மழையில அதுங்க வெளிய போய் எதுவும் கொண்டு வரல. இதையும் எடுத்துட்டா உள்ள இருக்கற தேனீக் குஞ்சுப் புழுவெல்லாம் பட்டினியில செத்துடும்மா..."

"கெட்டுப்போனதைத் தின்னா மட்டும் பொழைக்குமா?"

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தானே? பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். என்ன தீர்ப்புச் சொல்ல? எங்களுக்கு அந்தப் பெட்டியைக் கொடுத்த சரசக்காவுக்கு போன் போட்டேன். கொள்ளேகால் பக்கம் தேனீ வளர்ப்பு வகுப்பு நடத்துகிறவர். விஷயத்தைச் சொன்னதும் ஸ்பீக்கரில் முதலில் வந்தது சிரிப்புத்தான்.

"ஏனுங்க சிஸ்டர், இட்லி மாவு பொங்குனா அதுக்கும் பவுடர் போடுவீங்களா?"

ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அப்புறம் பொறுமையாகச் சொன்னார். தேனீக்கள் மகரந்தத்தை எச்சிலும் தேனும் கலந்து, அழுத்தி வைக்கின்றன; அதுதான் அவற்றின் சோறு. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைகளும் ஈஸ்டும் பாக்டீரியாவும் அதில் எப்போதும் குடியிருக்கின்றன. சில பூஞ்சைகள் கெட்டதை அண்டவிடாமல் காவலும் காக்குமாம். ஒவ்வொன்றும் என்னென்ன வேலை செய்கிறது என்பதை ஆராய்ச்சிக்காரர்களே இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்களாம். பவுடர் போட்டிருந்தால்? நல்லதும் சேர்ந்து போயிருக்கும்!

"மேல தெரியற வெள்ளை, மழை ஈரத்துல வந்ததுங்க. கொஞ்சந்தானே? தேனீங்களே சுத்தம் பண்ணிக்கும். அந்தச் சோத்தைத் தின்னுட்டுப் புழுவுக்கு ஊட்டுற தேனீக்குப் பேரே செவிலித் தேனீ. உங்க ஆளுங்கதான் சிஸ்டர்! அவங்க சோத்துல போயிக் கை வைக்கலாமா?"

பவுடர் டப்பா சத்தமில்லாமல் கீழே இறங்கிப் போனது. சட்டம் பெட்டிக்குத் திரும்பியது. ஆனாலும் ஜெனிக்கு மனசு ஆறவில்லை. வாரம் முழுக்க, "புழுங்க பொழைச்சிருக்குமாப்பா?" என்று ஒரே கேள்வி. 

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் பெட்டியைத் திறந்தோம். வெள்ளையைக் காணோம். நடு அடையில் புழுக்கள்... கொழுகொழுவென்று சுருண்டு கிடந்தன! ஜெனி விட்ட பெருமூச்சு அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும்.

நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும் பிள்ளைகளே. நம் ரொட்டியில் பூஞ்சை வந்தால் தூக்கித்தான் போட வேண்டும். ஆனால் அடுத்தவர் சமையலறையில் புகுந்து சுத்தம் செய்யும் முன், ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஸ்டெல்லாவும் புழுக்களைப் பார்க்க வந்தாள் — தலையிலிருந்து கால்வரை கொசுவலையைச் சுற்றிக்கொண்டு. பூஞ்சை பயம் போய்விட்டது... கொடுக்கு பயம் அப்படியேதான் இருக்கிறது!