பனை இல்லாத படம்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் எங்கள் வீட்டில், "பிள்ளை தைக்கும், பாடும், படமும் கீறும்" என்று சொன்னார்கள். நான் கொழும்பில் ஓவியம் படித்தவள். கலியாணத்துக்குப் பிறகு தைக்கச் சொன்னார்கள், நவராத்திரிக்குப் பாடச் சொன்னார்கள். படம் கீறச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளைகள், சமையல், இடப்பெயர்வு என்று காலம் ஓடிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில், அறுபது தாண்டிய பிறகு, கணவரும் போன பிறகு, மொன்ட்ரியாலில் மறுபடி தூரிகையைப் பிடித்தேன். பியர்பொன்ட்ஸில் மகன் வாங்கிய வீட்டின் பேஸ்மென்டில் ஒரு மூலை எனக்குப் போதுமாக இருந்தது. மகனுக்கு வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் மணம் ஆகாது.

"அம்மா, இந்த வயசில உங்களுக்கு ஏன் இந்தக் கரைச்சல்? கோயிலுக்குப் போங்கோ, டிவியைப் பாருங்கோ."

"கோயிலுக்கும் போறன், கீறவும் கீறுறன். மணந்தால் கதவைச் சாத்து."

அந்த இலையுதிர் காலத்தில் என் உயரத்துக்கு ஒரு படம் முடித்தேன். சாம்பல் வெள்ளை, அதில் நிமிர்ந்து நிற்கும் ஒரு தடித்த கறுப்புப் பட்டை, பக்கத்தில் கொஞ்சம் மஞ்சள். அந்த மஞ்சளைப் பிடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. பிடித்த அன்று தனியே நின்று சத்தமாகச் சிரித்தேன். அத்தனை சந்தோஷம்.

பொங்கல் விழாவுக்குக் கண்காட்சி வைக்கிறோம், ஏதாவது தாருங்கள் என்று கேட்டு எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். படத்தின் முன்னால் நின்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

"அக்கா, இது என்ன? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கா முடிஞ்சுதோ?"

"பிள்ளையாரும் இல்லை, குரங்கும் இல்லைத் தம்பி. படம்."

"சனத்துக்கு விளங்க வேணுமெல்லே. இந்தக் கறுப்புக்கு மேல நாலு ஓலையைப் போட்டு விடுங்கோவன். நல்ல பனையா வரும். ஊரை நினைச்சுக் கீறினதெண்டு சொல்லலாம்."

மாட்டேன் என்றேன். மகனும் பக்கத்தில் நின்று, "ஒரு பனைதானே அம்மா" என்றான். இல்லாத பனையை நான் ஏன் நட வேண்டும்? ஊரை நினைத்து நான் அழுததுண்டு. இந்தப் படத்தை அழுதுகொண்டு செய்யவில்லை. இப்படியே வைப்பதென்றால் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் விடுங்கள் என்றேன். "சரி அக்கா, உங்கட விருப்பம்" என்று சொல்லி அவர் படத்தைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

வாழ்நாளில் என் படம் ஒன்று பலர் பார்க்கச் சுவரில் தொங்கப்போவது அதுதான் முதல் தடவை. பொங்கலன்று காஞ்சிபுரம் உடுத்திக்கொண்டு, பனியில் சறுக்கிச் சறுக்கி, மகனோடு வாடகைக்கு எடுத்திருந்த தேவாலய மண்டபத்துக்குள் நுழைந்தேன். வாசல் மேசையில் சந்தனம், குங்குமம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு. அவற்றைத் தாண்டி நிமிர்ந்தால் எதிர்ச் சுவரில் என் படம். கறுப்புப் பட்டையின் தலையில் பச்சைப் பசேலென்று பனையோலைகள். கீழே ஒரு காகித மட்டையில் படத்துக்குப் பெயர், 'தாயகத்தின் கண்ணீர்.'

எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது.

தலைவர் ஓடி வந்தார். "கோவியாதேங்கோ அக்கா, மேடைத் திரைச்சீலை கீறின பெடியனைக் கொண்டு சின்னனாத்தான் போடுவிச்சனாங்கள். சனம் எவ்வளவு சந்தோஷப்படுது தெரியுமே!"

கிட்டப் போய் ஓலையை விரலால் தொட்டுப் பார்த்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பூசும் தண்ணீர்ச் சாயம். காய்ந்த எண்ணெய் வண்ணத்தின் மேல் அது ஒட்டாது. ஒரு துடைப்பில் போய்விடும்.

வாசலுக்குத் திரும்பிப் பன்னீர்ச் செம்பை எடுத்தேன். சேலைத் தலைப்பை விரித்து அதில் நன்றாகத் தெளித்தேன். ஒரு மடக்குக் கதிரையை இழுத்துப்போட்டு ஏறினேன். "அக்கா, வேண்டாம், விழுந்திடுவியள்" என்றார் தலைவர். கதிரை உண்மையிலேயே ஆடியது. பிறகு ஆட்டம் நின்றது. குனிந்து பார்த்தால் மகன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தான். முகம் வெட்கத்தில் சிவந்திருந்தது, ஆனால் பிடியை விடவில்லை.

ஓலை ஓலையாகத் துடைத்தேன். பனை போய்க் கறுப்பு வந்தது. இறங்கி மட்டையையும் கிழித்தேன்.

"இப்ப இது என்னெண்டு சனம் கேட்டா நான் என்ன சொல்ல?" என்றார் தலைவர், அழாக்குறையாக.

"நான் இஞ்சதான் நிக்கிறன். என்னட்டை அனுப்புங்கோ."

மாலை முழுவதும் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்றேன். சிலர் வந்து கேட்டார்கள், சிலர் சிரித்தார்கள், பலர் என்னைத் தவிர்த்துச் சுற்றிப் போனார்கள். நான் அசையவில்லை.

பட்டுத் தலைப்பில் பட்ட பச்சை போகவில்லை. கடையில் கொடுத்துக் கழுவிப் பார்ப்போம் மாமி என்றாள் மருமகள். வேண்டாம் என்றேன். அடுத்த வருடப் பொங்கலுக்கும் அதையே உடுத்தேன், கறை எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் தலைப்பை முன்னால் விட்டு.